நங்கூரம் போட்ட இடத்தில் அக்கம்பக்கம்: பாய்மரப் படகில் வாழ்ந்துகொண்டே நட்பைத் தேடிக்கொள்வது எப்படி

நானும் என் கணவரும் 11 மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில் குடியேறி 8 வருஷம் ஆகிறது. முதல் 8 மாதம் எங்களுக்கு நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்கூடக் கிடையாது. நங்கூரம் போட்டு நின்ற ஒவ்வொரு இடத்திலும் சுற்றிலும் இருபது, முப்பது படகுகள் நிற்கும். இருட்டியதும் ஒவ்வொன்றிலும் விளக்கு எரியும். யாரோ சிரிப்பது தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்து காதில் விழும். நான் காக்பிட்டில், அதாவது சுக்கான் இருக்கும் திறந்த பகுதியில், உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர்கள் எல்லாரும் பல வருஷப் பழக்கம், நடுவில் நாம் எப்படி நுழைவது என்று தயங்கியே மாதங்கள் போயின. அப்படிச் சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்த வாரம்தான் அறிமுகமானவர்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

தரையில் ஒரே தெருவில் இருந்தால் தினமும் பார்த்துப் பார்த்தே பழக்கம் வந்துவிடும். படகில் அதற்கு அவகாசம் இல்லை. வானிலை சாதகமானால் பக்கத்துப் படகு விடியற்காலை நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். 'நாளைக்குப் போய்ப் பேசலாம்' என்று நான் ஒத்திவைத்தவர்கள் எத்தனையோ பேர், மறுநாள் காலை அந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அதனால் கீழே சொல்லும் எதையும் பார்த்த அன்றைக்கே செய்துவிடுங்கள்.

முதலில் உதவி கேளுங்கள்

எனக்குப் பூட்டைத் திறந்தது இதுதான். அந்த எட்டாவது மாதத்தில் ஒரு காலை, கிளம்பலாம் என்று எஞ்சினைப் போட்டோம். பின்பக்கக் குழாயில் குபுகுபுவென்று கொட்ட வேண்டிய குளிர்விப்புத் தண்ணீர் வரவில்லை. வெள்ளை ஆவிதான் வந்தது. உடனே அணைத்தோம். கடல்நீர் பம்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே சுழலும் ரப்பர் இம்பெல்லரின் 6 இதழ்களில் 2 இல்லை. மாற்று இம்பெல்லர் கையில் இருந்தது. ஆனால் பழையதைத் தண்டோடு பிடித்திருந்த சர்க்ளிப் வளையத்தைக் கழற்றும் குறடு எங்களிடம் இல்லை. என் கணவர் இரண்டு ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பத் தொடங்கினார். நான் டிங்கியில், அதாவது கரைக்குப் போய்வர வைத்திருக்கும் சிறு படகில், இறங்கி, பக்கத்தில் நின்ற பச்சைப் படகை நோக்கித் துடுப்புப் போட்டேன். மூன்று நாளாக அவர்களைப் பார்த்துக் கையசைத்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தப் படகில் இருந்த பெரியவர் குறட்டைக் கொடுத்தனுப்பவில்லை. டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தானே வந்தார். இம்பெல்லர் வெளியே வந்ததும், "உடைஞ்ச ரெண்டு துண்டும் எங்கே?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. பம்பிலிருந்து போகும் குழாயைக் கழற்றி, எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முன்மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். மெல்லிய குழாய்களின் வாயில் இரண்டு கறுப்புத் துண்டுகளும் அப்பிக் கிடந்தன. அவற்றை எடுக்காமல் புது இம்பெல்லரைப் போட்டிருந்தால் நடுக்கடலில் எஞ்சின் மறுபடி சூடேறியிருக்கும். புதியதற்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தடவி, இதழ்கள் எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்று விரலால் காட்டி, என்னையே உள்ளே தள்ளச் சொன்னார். இரண்டு மணி நேர வேலை. நாங்கள் அன்றைக்குக் கிளம்பவில்லை. 11 நாள் கழித்துத்தான் கிளம்பினோம், இரண்டு படகுமாகச் சேர்ந்து.

அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் நான் கேட்டுத்தான் பழக்கத்தைத் தொடங்குகிறேன். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று போய் நின்றால் எதிரில் இருப்பவர் "ஒன்றும் வேண்டாம், நன்றி" என்பார், பேச்சு முடிந்துவிடும். "நங்கூரத்துக்கு எவ்வளவு சங்கிலி விட்டிருக்கீங்க? அடியில் மணலா, சேறா?" என்று கேட்டால் அவர் பத்து நிமிஷம் சொல்வார். தனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரியும். கேட்பது சிறியதாக, குறிப்பானதாக இருக்கட்டும்: ஒரு கருவி, ஒரு தகவல், கயிற்றைப் பிடிக்க ஒரு கை. முன்பின் தெரியாதவரிடம் போய் அரைநாள் வேலையைக் கேட்காதீர்கள். இரவல் வாங்கிய கருவியை அன்றைக்கே துடைத்து, எண்ணெய் தடவித் திருப்பிக் கொடுங்கள். படகில் உப்புக்காற்று பட்ட இரும்பு ஒரே ராத்திரியில் துருவேறும். இரவல் கொடுத்தவருக்கு அந்தக் கவலை உள்ளுக்குள் இருக்கும். திருப்பிக் கொடுக்கப் போவதுதான் உங்கள் இரண்டாவது சந்திப்பு.

கேட்கிறவரிடம் கொடுக்கவும் ஏதாவது இருக்க வேண்டும். எனக்குத் தையல் தெரியும். கனமான துணியைத் தைக்கும் மெஷின் ஒன்று படகில் இருக்கிறது. வெயிலில் பாயின் துணி கிழிவதற்கு வெகு முன்னாலேயே அதன் நூல் இற்றுப்போகும். தையலை மட்டும் மறுபடி ஓட்டிக் கொடுத்தால் பாய் இன்னும் சில வருஷம் உழைக்கும். இது தெரிந்ததும் ஆட்கள் தாங்களே தேடி வருகிறார்கள். உங்களுக்கு மின்வேலை, முடிவெட்டுதல், கயிற்றில் கண்ணி பின்னுதல், கிதார், கணக்குச் சொல்லிக்கொடுத்தல், எது வந்தாலும் அதை நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொரு படகின் வாசல்

படகுக்கு வாசல் கிடையாது. ஆனாலும் வாசல் மரியாதை உண்டு. டிங்கியின் மோட்டாரைக் கொஞ்ச தூரத்திலேயே அணைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று கூப்பிடுங்கள், அல்லது படகின் உடற்பகுதியான ஹல்லில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு பேசலாம். அவர்களாகவே "வாங்க" என்று சொல்லும்வரை டிங்கிக் கயிற்றைக் கட்டவும் கூடாது, ஏறவும் கூடாது. ஏறும்போது செருப்பைக் கழற்றிவிடுங்கள். முதல் தடவை அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். கிளம்பும்போது அவர்களை உங்கள் படகுக்கு அழைத்துவிட்டு வாருங்கள், நாளும் நேரமும் சொல்லி.

எப்போது போகக் கூடாது என்பதையும் படகே சொல்லும். கம்பத்தில் மஞ்சள் கொடி பறந்தால் அவர்களுக்குச் சுங்க, குடிநுழைவு அனுமதி இன்னும் முடியவில்லை. நீங்கள் ஏறினால் அவர்களுக்கும் உங்களுக்கும் வம்பு. கையசைத்து, தூரத்திலிருந்தே நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுங்கள். நீண்ட பயணம் முடித்து அன்று வந்து சேர்ந்தவர்கள் பல நாள் மாறி மாறிக் காவல் இருந்தவர்கள். ஒரு முழு இரவு அவர்களைத் தூங்க விட வேண்டும். பின்னால் டிங்கி இல்லையென்றால் கரைக்குப் போயிருக்கிறார்கள். நல்ல காற்றடிக்கும் பகலில் மூடிகள் எல்லாம் சாத்தியிருந்தால் தனிமை வேண்டியிருக்கிறது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நட்பு தொடங்குமுன்னே கெடுவதும் உண்டு, பெரும்பாலும் நங்கூரம் போடும் விதத்தால். முன்னால் வந்து நின்றவருக்குத்தான் அந்த இடத்தில் உரிமை. பின்னால் வருபவர்தான் விலகி நிற்க வேண்டும். காற்று திரும்பினால் எல்லாப் படகும் சுற்றும். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்று கூடினால் ஏழு மடங்குகூடச் சங்கிலி விடுவோம், அந்த அளவுக்கு வட்டமும் பெரிதாகும். நெருங்கி நின்றுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் நீங்களே போய், "உங்களுக்கு இது சரியா இருக்கா, தள்ளிப் போடட்டுமா?" என்று கேளுங்கள். பாய் ஏற்றும் கயிற்றைப் பாய்மரத்திலிருந்து விலக்கி இழுத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றில் அது ராத்திரி முழுக்க அலுமினியப் பாய்மரத்தில் டங் டங்கென்று அடிக்கும். உங்களுக்குப் பழகிப்போயிருக்கும், பக்கத்துப் படகுக்காரர் கண் மூடியிருக்க மாட்டார்.

காலை ரேடியோ

படகுகள் அதிகம் தங்கும் துறைகளில் காலையில், பல இடங்களில் 8 மணி வாக்கில், படகுகள் தங்களுக்குள் பேசும் விஎச்எஃப் என்ற குறுந்தூர ரேடியோவில் ஒரு கூட்டம் நடக்கும். 'நெட்' என்பார்கள். எந்தச் சேனல் என்பது இடத்துக்கு இடம் மாறும். வந்து சேர்ந்த அன்று கரையில் பார்க்கிற முதல் படகுக்காரரிடம் கேட்கலாம். நடத்துபவர் ஒருவர் இருப்பார். முதலில் அவசரம் அல்லது மருத்துவ உதவி வேண்டியவர்கள், பிறகு வானிலை, புதிதாக வந்தவர்கள், கிளம்புபவர்கள், உதிரிப் பாகம் தேடுபவர்கள், கடைசியில் நடைபயணம், இசை, சீட்டு விளையாட்டு என்று போகும்.

நான் ஒரு வருஷம் வெறுமனே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்படிச் செய்யாதீர்கள். "புதிதாக வந்தவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்கும்போது பொத்தானை அழுத்தி, ஒரு நொடி விட்டு, மூன்று விஷயம் சொல்லுங்கள்: படகின் பெயர், எத்தனை பேர், எதைத் தேடுகிறீர்கள் அல்லது எதில் உதவ முடியும். படகு வாழ்க்கையில் ஆட்களின் பெயரைவிடப் படகின் பெயர்தான் நினைவில் நிற்கும். அதனால் அதைத் தெளிவாக, இரண்டு தடவை சொல்லுங்கள். இரண்டு, மூன்று வாரம் தங்கப் போகிறீர்கள் என்றால், வாரத்தில் ஒரு நாள் நெட்டை நானே நடத்துகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காமல் தவிப்பார்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். அந்த ஒரு காலையில் துறையில் உள்ள எல்லாப் படகின் பெயரும் உங்களுக்குத் தெரிந்துவிடும், உங்கள் குரலும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கரையில் யாரோ ஒருவர் உங்கள் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து "நீங்கதானா அது!" என்பார்.

ரேடியோ ஒழுங்கு ஒன்று இருக்கிறது. சேனல் 16 ஆபத்துக்கும் அழைப்பதற்கும் மட்டும். அதில் கூப்பிட்டு, பதில் வந்ததும் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். துறைக்குள் பேச ரேடியோவுக்கு 1 வாட் சக்தி போதும். 25 வாட்டில் பேசினால் அடுத்த துறைக்கும் கேட்கும். குறைந்த சக்தியில் பேசினாலும் யாரும் கேட்கலாம், கேட்கிறார்கள். ஒருவருடைய உடம்பு, பணம், குடும்பம் பற்றிய பேச்சை ரேடியோவில் எடுக்காதீர்கள். சில நாடுகளில் வெளிநாட்டுப் படகுகள் பொருளை விற்பது சுங்கச் சட்டப்படி தவறு என்பதால் அங்கே பொது ரேடியோவில் விலை பேசவும் கூடாது.

ஆட்கள் கூடும் காலத்தில் கூடும் இடத்தில் இருங்கள்

படகுகளைக் கூட்டுவதும் கலைப்பதும் காற்றுதான். வட அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் கரீபியன் படகுகள் பல தெற்கே, கிரெனடாவுக்கும் டிரினிடாடின் சகுவாரமாஸுக்கும் ஒதுங்குகின்றன. பல மாதம் ஒரே இடத்தில் இருப்பதால் அங்கே ஒரு ஊரே உருவாகிவிடுகிறது. தென் பசிபிக்கில் புயல் காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல்வரை. அதற்கு முன் பல படகுகள் நியூசிலாந்துக்கு இறங்கிவிடும். மத்தியதரைக் கடலில் குளிர்காலத்துக்கு மரீனா எனப்படும் படகு நிறுத்துமிடங்களில் கட்டிப்போட்டுவிட்டுப் படகிலேயே வாழ்பவர்கள் நிறைய. சிசிலியின் மரீனா டி ரகூசா அப்படிப் பெயர் வாங்கிய இடம். ஆட்களே இல்லாத அழகான விரிகுடாக்களைத் தேடிப் போய் நின்றுவிட்டுத் தனிமையாக இருக்கிறதே என்று வருந்துவதில் அர்த்தமில்லை. தனிமை தாங்காத மாதத்தில் அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போங்கள். போனால் மூன்று வாரமாவது இருங்கள். ஒரு வாரத்தில் முகம் தெரியும், இரண்டாவது வாரத்தில் பெயர் தெரியும், மூன்றாவது வாரத்தில்தான் ஒருவர் தன் வீட்டுக் கவலையைச் சொல்வார். எனக்கு எங்கேயும் இந்தக் கணக்குத்தான்.

கூட்டுப் பயணங்களும் உண்டு. அவற்றில் பேர்போனது ஜிம்மி கார்னெல் என்ற மாலுமி 1986-ல் தொடங்கிய ஏஆர்சி, படகுகள் கூட்டமாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணம். நவம்பரில் கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கிளம்பி சுமார் 2,700 கடல் மைல் தாண்டி செயின்ட் லூசியாவில் முடிகிறது. கடலில் படகுகள் ஒன்றையொன்று பார்ப்பதே அரிது. நட்பு அமைவது கிளம்புமுன் மரீனாவில் கழியும் நாட்களில்தான். கட்டணம் கட்ட முடிந்தால் போகலாம். நாங்கள் போகவில்லை, அதனால் ஒன்றும் குறையவும் இல்லை.

சங்கத்தில் சேருவது அதைவிட எளிது. 1952-ல் தொடங்கிய செவன் சீஸ் குரூசிங் அசோசியேஷன் படகிலேயே வாழ்பவர்களுக்காக ஆரம்பித்தது. ஹம்ப்ரி பார்டன் 1954-ல் தொடங்கிய ஓஷன் குரூசிங் கிளப்பில் முழு உறுப்பினராக 1,000 கடல் மைல் நிற்காமல் போயிருக்க வேண்டும். இவற்றின் கொடியைக் கம்பத்தில் ஏற்றியிருந்தால் அதே கொடி உள்ள படகுக்காரர் கட்டாயம் வந்து பார்ப்பார். பல துறைகளில் இவற்றின் சார்பில் உள்ளூர் ஆட்களும் இருக்கிறார்கள். உதிரிப் பாகம், மருத்துவர், நம்பகமான மெக்கானிக் எல்லாம் அவர்களைக் கேட்டால் தெரியும்.

ஒரு படகுக்குள் இருவர்

இதைச் சொல்லத் தயங்குவார்கள், ஆனால் சொல்ல வேண்டும். 11 மீட்டருக்குள் இருவர் இருக்கும்போது, ஒருவருக்கு இன்னொருவரே மனைவி, கணவன், சிநேகிதர், மாலுமி, டாக்டர் எல்லாமாக இருக்க முடியாது. எங்கள் முதல் வருஷச் சண்டைகளில் பாதி அதனால் வந்தவை. இருவருக்கும் தனித்தனி நட்பு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் டிங்கி எனக்கு, ஒரு நாள் அவருக்கு என்று வைத்துக்கொண்டோம். நான் எங்கே போனேன் என்று அவர் கேட்பதில்லை. திரும்பி வரும்போது சொல்ல ஏதாவது இருக்கும்.

தனியாகப் பயணம் செய்பவர்கள், "பத்திரமாக வந்தீர்களா?" என்று குறித்த நேரத்தில் விசாரிக்கும் ஒருவரை ஒவ்வொரு துறையிலும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அது பாதுகாப்பு, கூடவே நட்பும். குழந்தைகள் இருக்கும் படகுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை: நெட்டில் 'எங்களிடம் 9 வயதும் 6 வயதும் இருக்கிறார்கள்' என்று ஒரு வரி சொன்னால் மத்தியானத்துக்குள் உங்கள் தளத்தில் எட்டுப் பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

கரையில் வாழ்பவர்களை மறந்துவிடாதீர்கள். படகுக்காரர்கள் படகுக்காரர்களோடு மட்டும் பழகிவிட்டுப் போய்விடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அந்த ஊர் மொழியில் இருபது சொல் கற்றுக்கொண்டு, ஒரே கடைக்கு, ஒரே நேரத்தில், தினமும் போங்கள். டிங்கியைக் கரையில் கட்டும் இடத்தில் மீன் வலை சரிசெய்பவர் இருந்தால் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கயிறும் முடிச்சும் அவருக்கும் உங்களுக்கும் பொதுமொழி.

சேர்ந்து போவதும் பிரிவதும்

பிடித்த படகோடு சேர்ந்து பயணம் போவது பெரிய சுகம். கிளம்புமுன் மூன்றைப் பேசி முடிவு செய்யுங்கள்: எந்தச் சேனல், எத்தனை மணிக்கொரு தடவை பேசுவது, ஒருவர் பின்தங்கினால் மற்றவர் என்ன செய்வது. வானிலை முடிவை மட்டும் ஒவ்வொரு படகும் தனக்குத் தானே எடுக்க வேண்டும். நண்பர் கிளம்புகிறார் என்பதற்காக மனசுக்கு ஒப்பாத வானத்தின்கீழ் நாங்கள் ஒரு தடவை கிளம்பினோம். 14 மணி நேரம் எதிர்க்காற்றில் அடிபட்டு, முன்பாய் கிழிந்து, திரும்பி வந்தோம். நண்பர்மேல் தப்பில்லை. "நாங்கள் இரண்டு நாள் கழித்து வருகிறோம்" என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். இதே காரணத்தால் தரையிலிருந்து உங்களைப் பார்க்க வருபவர்களிடம், இடம் அல்லது தேதி, இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் அவர்களே குறித்தால் அதைப் பிடிக்க நீங்கள் கெட்ட வானிலையில் ஓட வேண்டியிருக்கும்.

பிரிவு அடிக்கடி வரும். எனக்கு இன்னும் பழகவில்லை. பச்சைப் படகு மேற்கே போன அன்று அதன் பாய் விளிம்புக் கோட்டில் மறையும்வரை நான் முன்தளத்தில் நின்றேன். பிரியும் வருத்தத்துக்குப் பயந்து புதியவர்களிடம் பழகாமல் ஒதுங்கும் காலம் ஒன்று வரும், மூன்றாவது, நாலாவது வருஷத்தில். எனக்கும் வந்தது. அப்போது புது ஆட்களைத் தேட வேண்டாம், பழைய நண்பர்களோடு தொடர்பைப் பலப்படுத்துங்கள். அட்லாண்டிக் நடுவிலுள்ள அசோர்ஸ் தீவுகளின் ஓர்த்தா துறைச் சுவரில், அட்லாண்டிக்கைக் கடந்து வரும் படகுகள் தங்கள் பெயரையும் படத்தையும் வரைந்துவிட்டுப் போவார்கள். அங்கே நிற்பவர்கள் தெரிந்த படகின் பெயரைத் தேடிக்கொண்டே சுவர் நெடுக நடப்பார்கள்.

பழகிய படகுகளைக் குறித்துவைக்க என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. பயணக் குறிப்புக்கு வேறு நோட்டு. இதில் இடது ஓரத்தில் படகின் பெயர், அடுத்து ஹல்லின் நிறம், ஆட்களின் பெயர், பிள்ளைகளின் வயது, எங்கே சந்தித்தோம், அடுத்து எங்கே போகிறார்கள், யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன். பச்சைப் படகுக்கு எதிரே 'சர்க்ளிப் குறடு' என்று எழுதியிருக்கிறேன். கிளம்பும்போது அந்தப் பெரியவர் அதை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். ஒரு புதுத் துறையை நெருங்கும்போது சுற்றியுள்ள படகுகளின் பெயரையும் இடத்தையும் காட்டும் ஏஐஎஸ் கருவியின் திரையில் அங்கே நிற்கும் படகுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். என் கணவர் சுக்கானில் இருப்பார். நான் நோட்டை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, திரையில் வரும் ஒவ்வொரு பெயரையும் அவருக்குச் சத்தமாகப் படித்துச் சொல்வேன்.